நிலா வைக்கிற வேலை

ஜனவரி 12

என் வாலுக்கு,

அண்ணன் சுகமாக வந்து சேர்ந்தேன். பஸ்ஸில் பிடித்த சளி மட்டும் இன்னும் விடவில்லை. நீயும் அப்பாவும் எப்படி இருக்கிறீர்கள்? தையல் மிஷினை மிதித்து மிதித்து அப்பாவின் முழங்கால் வீங்கியிருந்ததே, இறங்கிவிட்டதா?

லீவில் வந்தபோது துருவித் துருவிக் கேட்டாய். "அந்த கம்பெனியில நீ என்னதான்ணா பண்றே?" என்றாய். நேரில் சொல்ல வரவில்லை. என் போன் மறுபடியும் சூப்பர்வைசரின் அலமாரிக்குள் போய்விட்டது. இனி அடுத்த லீவுக்குத்தான் கையில் கிடைக்கும். அதனால் எழுதுகிறேன்.

நாலாவது மாடியில் நீளமான ஒரு அறை. ஜன்னல்களுக்குக் கனத்த திரை. உள்ளே எப்போதும் ஒரே வெள்ளை வெளிச்சம். மேஜை மேஜையாக வாட்சுகள் கிடக்கும், ஒவ்வொன்றும் அதன் இஷ்டத்துக்கு ஒரு மணி காட்டும். ஆனால் உண்மையில் மணி என்ன என்று யாருக்கும் தெரியாது. தண்ணீருக்குள் உட்கார்ந்து வேலை செய்வது போல இருக்கும்.

டயலில் பாதி வட்டமாக ஒரு ஓட்டை உண்டு. அதற்குப் பின்னால் நீல வானம் வரைந்த ஒரு தட்டு சுற்றும். அந்த வானத்தில் நிலாவை ஒட்டுவதுதான் என் வேலை. கடுகைத் தட்டையாக்கினால் எவ்வளவு இருக்குமோ அவ்வளவுதான் நிலா. இடுக்கியால் எடுத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு வைக்க வேண்டும். மூச்சு விட்டால் நிலா பறந்துவிடும். மூன்று வருஷமாக இதுதான் செய்கிறேன், இன்னும் என் நிலா மட்டும் ஒரு பக்கம் சாய்ந்தே உட்காருகிறது. எங்கள் சூப்பர்வைசருக்கு நாங்கள் வைத்த பெயர் பூதக்கண்ணாடி. லென்ஸைக் கண்ணிலிருந்து கழற்றாமலே சாப்பிடுகிற மனுஷன். "உன் நிலா மட்டும் ஏன்டா தூங்கி வழியுது?" என்று கேட்டுவிட்டு, போகட்டும் என்று விட்டுவிடுவார்.

கடித உறையின்மேல் கம்பெனி பெயரெல்லாம் எழுதாதே. கீழே இருக்கிற லாண்டரிக் கடை முகவரிக்கே போடு. கடைக்காரர் என்னிடம் தந்துவிடுவார்.

அப்பாவை வெயிலில் அலையவிடாதே.

உன்
அண்ணன்


பிப்ரவரி 3

அன்புள்ள அண்ணாவுக்கு,

இங்கே நாங்கள் நன்றாக இருக்கிறோம். அப்பாவின் முழங்கால் தேவலை. உன் சளி போயிற்றா?

உன் கடிதத்தை அப்பாவுக்கு வாசித்துக் காட்டியதுதான் நான் செய்த தப்பு. கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம், அளவு எடுக்க டேப்பைக் கழுத்தில் போட்டபடியே, "என் பையன் நிலா வைக்கிறான். ஒரு வாட்ச் விலையில ஒரு வீடு வாங்கலாம், அந்த மாதிரி வாட்ச்" என்கிறார். பேன்ட் சுருக்கிக்கொண்டு போக வந்தவர்கள் முழிக்கிறார்கள். ஆமாம், கம்பெனியைப் பற்றிக் கேட்டால் நிலாவைப் பற்றி இரண்டு பக்கம் எழுதிவிட்டு, உறையில் கம்பெனி பெயரை எழுதாதே என்கிறாயே, அதற்கு என்ன அர்த்தம்?

சரி, விஷயத்துக்கு வருகிறேன். சிரிக்காதே. என்னைப் பார்க்க ஒருவர் வந்தார். மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருக்கிறார். கூட ஒரே ஒரு ஆள், அவருடைய அண்ணன். அப்பா அம்மா இல்லை. அண்ணன்தான் வளர்த்து ஆளாக்கினாராம். கப்பலில் இருபது வருஷத்துக்கு மேல் சமையல் வேலை பார்த்துவிட்டு, முதுகு தாங்காமல் வந்துவிட்டார். கையெல்லாம் சூடுபட்ட தழும்பு. பேசவே கூச்சப்படுகிறார்.

கண்ணாடிக்கடைக்காரர் என்னிடம் கேட்ட முதல் கேள்வி என்ன தெரியுமா? "தூரத்துல இருக்கிறது தெரியலையா, பக்கத்துல இருக்கிறதா? கண்ணைச் சுருக்கிச் சுருக்கிப் பார்க்கறீங்களே!" நான், "கூச்சத்துல சுருக்கறேங்க" என்றேன். அவர் சிரித்த சிரிப்பு பிடித்துவிட்டது அண்ணா.

அவர் கையில் ஒரு வாட்ச். அதில் ஒரு நிலா! அதில் போட்டிருந்த கம்பெனி பெயரைப் படித்துவிட்டு அப்பா நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டார். "இது என் பையன் கம்பெனி வாட்சாச்சே!" என்றார். கண்ணாடிக்கடைக்காரர் சட்டென்று சட்டைக் கையை இழுத்து மூடிக்கொண்டார். பெருமை அடித்துக்கொள்ளத் தெரியாத ஆள் போலிருக்கிறது.

உனக்கு என்ன தோன்றுகிறது என்று உடனே எழுது.

தங்கை


பிப்ரவரி 20

வாலுக்கு,

சளி விட்டுவிட்டது, இப்போது இருமல் பிடித்திருக்கிறது. மற்றபடி சுகம். உன் கடிதத்தைப் படிக்கட்டில் உட்கார்ந்து படித்தேன். அது ஒன்றுதான் இந்தக் கட்டடத்தில் வெயில் விழுகிற இடம். கண்ணைச் சுருக்குகிறவளுக்குக் கண்ணாடிக்கடைக்காரர்! இதைவிடப் பொருத்தம் வேறு எங்கே தேடுவது? எனக்குச் சம்மதம். அப்பாவிடம் சொல்.

நேற்று ஒரு கனவு. நம் வீட்டு மொட்டை மாடியில் நிலாக்கள் உதிர்ந்து கிடக்கின்றன, துணி காயப்போட வந்த நீ விளக்குமாற்றால் பெருக்கிக்கொண்டிருக்கிறாய். "மிதிக்காதே, மிதிக்காதே" என்கிறேன், நீ காதில் வாங்கவில்லை. எழுந்து திரையை விலக்கிப் பார்த்தேன். விடிகிற நேரத்தில் வானத்தில் நிஜமான நிலா இருந்தது. கொஞ்சம் வெளிறிப்போய், கூரைகளுக்கு மேலே. அது நேராக உட்கார்ந்திருப்பது எனக்குத் தப்பாகத் தெரிந்தது. இந்த வேலை செய்து செய்து கண் அப்படி ஆகிவிட்டது.

அந்த வாட்சில் நிலா எப்படி இருக்கிறது? நேராகவா? சும்மா ஒரு ஆசையில்தான் கேட்கிறேன். அடுத்த முறை அவர் வரும்போது பார்த்து எழுது.

உடம்பைப் பார்த்துக்கொள். அப்பாவுக்கு என் நமஸ்காரம்.

அண்ணன்


மார்ச் 15

அண்ணாவுக்கு,

இருமலுக்கு டாக்டரைப் பார்த்தாயா இல்லையா? இங்கே எல்லோரும் சுகம். சுகத்துக்கும் மேலே! ஜூன் பதினாலாம் தேதி கல்யாணம் முடிவாகிவிட்டது. நீ இப்போதே லீவு சொல்லிவை.

நிலா எப்படி இருக்கிறது என்று கேட்டாயே, அது ஓடவே இல்லை. மாதக்கணக்காக அதே இடத்தில் நிற்கிறதாம். அப்பா விடுவாரா? "எங்கேயோ கொடுத்துக் கெடுக்காதீங்க மாப்பிள்ளை. நம்ம பையன் அங்கேயே இருக்கான், அவனுக்கே அனுப்பிடலாம்" என்றார். இவர், "வேண்டாம் மாமா, மணி சரியாத்தானே காட்டுது. நிலா நின்னா என்ன, அப்படியே இருக்கட்டும்" என்று ரொம்ப நேரம் மறுத்தார். கடைசியில் அவருடைய அண்ணன்தான், "கொடுப்பா, செஞ்ச இடத்துக்கே போயிட்டு வரட்டும்" என்று அவரே கழற்றிக் கொடுத்தார். கழற்றும்போது பார்க்க வேண்டுமே, குழந்தைக்குச் சட்டை கழற்றுவது போல அத்தனை பக்குவம்.

அப்பா பொறுக்கிய பருத்தித் துணியில் நாலு சுற்றுச் சுற்றி, லாண்டரிக் கடை முகவரிக்கு இன்று அனுப்பியிருக்கிறோம். பத்திரம் அண்ணா. அவருடைய அண்ணனுக்கு அது உயிர். தம்பி சொந்தமாகக் கடை திறந்த அன்று கையில் கட்டிவிட்டாராம்.

உடம்பு கவனம்.

வாலு


ஏப்ரல் 2

வாலுக்கு,

நலம். பார்சல் பத்திரமாக வந்து சேர்ந்தது. திறந்து பார்த்தேன். சரிசெய்து அனுப்புகிறேன்.

அவருடைய அண்ணன் இதை எங்கே வாங்கினாராம்? தெரிந்தால் எழுது.

அப்பாவைக் கேட்டதாகச் சொல்.

அண்ணன்


ஏப்ரல் 14

அண்ணா,

உனக்கு உடம்பு சரியில்லையா? எப்போதும் பக்கம் பக்கமாக எழுதுகிறவன், தந்தி கொடுப்பது போல நாலு வரி எழுதினால் நான் என்ன நினைப்பது? நாங்கள் சுகம்தான். உன் கடிதம் வந்ததிலிருந்து எனக்கு மட்டும் மனசு சரியில்லை.

கேட்டதற்குப் பதில். அவருடைய அண்ணனிடமே கேட்டேன். கூச்சப்பட்டுக்கொண்டு சொன்னார். ஏதோ ஒரு துறைமுகத்தில், மாடிப்படி ஏறிப் போகிற ஒரு கடை. வெள்ளைக் கையுறை போட்ட ஒருவர் வெல்வெட் தட்டில் வைத்துக் காட்டினாராம். "அசலு கடையில விக்கிற விலையில பாதிதான் சொன்னாங்கம்மா. கணக்குல வராத சரக்காம், அதனால மலிவாம். முத்திரை போட்ட கார்டெல்லாம் கொடுத்தாங்க" என்றார். அந்தப் பாதிக்காகவே வீட்டுக்கு வராமல் தொடர்ந்து இரண்டு ஒப்பந்தம் கப்பலிலேயே இருந்திருக்கிறார். முதுகு போனது அப்போதுதான்.

நீ வாட்சைப் பற்றி ஒன்றுமே எழுதவில்லை என்று அப்பா தினமும் கேட்கிறார். அவர் செய்திருக்கிற கூத்தைக் கேள். மாப்பிள்ளைக்குக் கல்யாணச் சட்டை தைக்கிறார், இடது கையை மட்டும் அரை அங்குலம் குட்டையாக வெட்டியிருக்கிறார், போட்டோவில் வாட்ச் தெரிய வேண்டுமாம்.

உடனே எழுது. எனக்காக இல்லாவிட்டாலும் அப்பாவுக்காக.

வாலு


மே 10

என் வாலுக்கு,

நான் சுகம். உனக்கு உடம்புக்கு ஒன்றும் வராமல் இருக்கட்டும். இதைத் தனியாக இருக்கும்போது படி. அப்பாவுக்கு வாசித்துக் காட்டாதே.

நாங்கள் செய்வது நகல். அந்தப் பெரிய கம்பெனிக்கும் எங்கள் நாலாவது மாடிக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. முதலாளியின் பெட்டியில் ஒரே ஒரு அசல் வாட்ச் இருக்கிறது. வருஷத்தில் ஒரு தடவை அதை வெளியே எடுப்பார்கள். நாங்கள் எல்லோரும் சுற்றி நின்று, பிறந்த குழந்தையைப் பார்ப்பது போலப் பார்ப்போம். அவ்வளவுதான் எங்களுக்கும் அந்தப் பெயருக்கும் உள்ள உறவு. "கம்பெனி" என்று நான் சொன்னதையும், வாட்சில் என்ன பெயர் போடுகிறோம் என்று சொன்னதையும் சேர்த்து அப்பாவே பெரிய கம்பெனியாக்கிக்கொண்டார். நான் திருத்தவில்லை.

பார்சலைப் பிரித்தேன். நிலா ஒரு பக்கம் சாய்ந்து, தூங்கி வழிந்துகொண்டிருந்தது. பின்மூடியைக் கழற்றவே தேவையில்லை, பார்த்ததும் தெரிந்துவிட்டது. அது நான் வைத்த நிலா.

ஒரு மாதம் அதை என் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டு படுத்தேன். பூதக்கண்ணாடி எங்களுக்கு அடிக்கடி சொல்லும் சமாதானம் ஒன்று உண்டு. "வாங்கறவனுக்குத் தெரியும்பா. நாலு பேர் முன்னாடி காட்டிக்கத் தெரிஞ்சேதான் வாங்கறான். நாம யாரை ஏமாத்தறோம்?" மூன்று வருஷமாக நானும் அதையே சொல்லிக்கொண்டு நிம்மதியாகத் தூங்கினேன். வாட்ச் யார் கையில் போய்ச் சேருகிறது என்று நினைத்தால் முகமே இல்லாத ஏதோ ஒரு பணக்காரர்தான் தோன்றுவார். இப்போது கண்ணை மூடினால் ஒரு கப்பல் வருகிறது. அடியில் ஒரு சமையல் கட்டு, ஆவி, ஒருவர் குனிந்து பாத்திரம் தூக்குகிறார். அந்தக் கப்பல் ஊருக்கு வராமல் திரும்பிப் போகிறது. நிலா சாய்வாகத் தெரிகிறது.

வாட்சைச் சரிசெய்துவிட்டேன். உள்ளே ஒரு பல்சக்கரம் மழுங்கியிருந்தது. நானே வேறு ஒன்று ராவிப் போட்டேன். இனி ஓடும். இதோடு அனுப்புகிறேன்.

உன் கண்ணாடிக்கடைக்காரர் நாள் முழுக்க லென்ஸ் பார்க்கிறவர். அவருக்குத் தெரியாமலா இருக்கும்? தெரிந்தே அசல் என்று நடிக்கிற மனுஷனா என்று கேட்டுக்கொள். எப்படிக் கேட்பாயோ, அது உன் சாமர்த்தியம். என்னை வைத்து உனக்கு ஒரு கெடுதல் வந்துவிடக்கூடாது.

அண்ணன்


மே 19

அண்ணாவுக்கு,

நலம். நீ சாப்பிடுகிறாயா? உன் கடிதத்தைப் படித்து முதலில் கோபம் வந்தது. அப்பா கழுத்தில் டேப்போடு நின்று உன் புகழ் பாடுவதைப் பார்த்து அழுகை வந்தது. பிறகு வாட்சை எடுத்துக்கொண்டு அவர் கடைக்குப் போனேன்.

கூட்டம் இல்லை. அவர் யாருடைய கண்ணாடிக்கோ ஸ்க்ரூ முடுக்கிக்கொண்டிருந்தார். வாட்சை மேஜையில் வைத்து, "நிலா ஓடுது. ஆனா இது அசல் இல்லையாம்" என்றேன்.

ஸ்க்ரூவைக் கீழே வைத்தார். "உங்க அண்ணன் சொன்னாரா?"

"ஆமா. உங்களுக்குத் தெரியுமா?"

"கட்டிவிட்ட அன்னிக்கே தெரியும். அண்ணன் டீ குடிக்கப் போனாரு, லென்ஸ்ல வெச்சுப் பார்த்தேன். எழுத்து ஓரத்துல மை கசிஞ்சிருந்தது."

"அப்புறம் ஏன் கட்டிக்கிட்டே திரியறீங்க?"

அவர் என்னைப் பார்க்கவில்லை, வாட்சைத்தான் பார்த்தார். "டீ குடிச்சிட்டு வந்து, 'கை நிறைஞ்சு இருக்குடா'ன்னாரு. அந்த முகத்தைப் பார்த்துட்டு வேற என்ன சொல்ல முடியும்? யாராவது தெரிஞ்சவங்க கேட்டுடுவாங்களோன்னுதான் கையை இழுத்து மூடிக்கறேன். உங்க வீட்ல வெச்சு உங்க அப்பா எழுந்து நின்னாரே, அப்ப எனக்கு மூச்சே நின்னுடுச்சு."

அந்த நிலாவை வைத்தது நீதான் என்பதையும் அவரிடம் சொல்லிவிட்டேன். இவரைத்தான் கல்யாணம் செய்துகொள்ளப்போகிறேன், அண்ணா.

ஒன்றே ஒன்று உன்னைக் கேட்கிறேன். அவருடைய அண்ணன் நீ வருவதற்காகக் காத்திருக்கிறார். எல்லோர் முன்னாலும் உன்னிடம் வாட்சைக் காட்டிக் கேட்கப் போகிறார். நல்ல வாட்ச் என்று ஒரு வார்த்தை சொல்லிவிடு. உனக்குச் சங்கடம் என்று தெரியும். எனக்காக.

வாலு


ஜூன் 4

அண்ணா,

சுகமா? பதிலே இல்லை. நீ வராமல் இருந்துவிடுவாயோ என்று பயமாக இருக்கிறது. அப்பா உனக்கும் ஒரு சட்டை தைத்துவைத்திருக்கிறார். இரண்டு கையும் சரியான நீளம்தான்.

வந்துவிடு.

வாலு


ஜூன் 27

அன்புள்ள அண்ணாவுக்கு,

புது வீட்டிலிருந்து எழுதுகிறேன். நான் நன்றாக இருக்கிறேன், உன் மாப்பிள்ளையும் நலம். நீ போய்ச் சேர்ந்த விவரம் எழுதவில்லையே?

நீ மண்டபத்துக்குள் நுழைந்தபோது எனக்கு உயிர் வந்தது. அவருடைய அண்ணன் தம்பியின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு உன்னிடம் வந்தபோது மறுபடியும் போய்விட்டது. சுற்றிலும் ஆட்கள். அப்பா வேறு நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நிற்கிறார். "நீங்களே சொல்லுங்க தம்பி, எப்படிப்பட்ட வாட்ச்?" என்று அவர் கேட்டதும், நீ அந்தக் கையை எடுத்து ரொம்ப நேரம் பார்த்தாய்.

"அண்ணா, இதுல நிலா வெச்சதே நான்தான்" என்றாய்.

அவர் உன்னைக் கட்டிப்பிடித்து அழுதாரே! அப்பா எல்லோரையும் கூப்பிட்டுக் கூப்பிட்டுச் சொன்னார். உன் மாப்பிள்ளை என் காதில், "உங்க அண்ணன் பொய்யே சொல்லலைல்ல?" என்றார். அன்று முழுவதும் நான் தரையில் நடந்த ஞாபகமே இல்லை.

ஆனால் அதற்குப் பிறகு ஒன்று புரியவில்லை. உன்னை பஸ் ஏற்றிவிட அவருடைய அண்ணன்தான் வந்தார். போகும்போது அவ்வளவு உற்சாகம். மறுபடியும் ஒரு தடவை கப்பலுக்குப் போகப்போவதாகக் காலையிலேயே எங்களிடம் சொல்லியிருந்தார். நாங்கள் எவ்வளவோ சொல்லியும் கேட்கவில்லை. பஸ் ஸ்டாண்டிலிருந்து திரும்பி வந்தவர், "முதுகு சரியில்ல, போகலை" என்றார். அவ்வளவுதான். இரண்டு நாள் யாரிடமும் பேசவில்லை. மூன்றாம் நாள் தம்பியின் வாட்சை வாங்கித் துடைத்து, அவரே மறுபடியும் கட்டிவிட்டு, "மழையில நனைக்காத" என்றார்.

என்ன நடந்தது அண்ணா?

வாலு


ஜூலை 11

என் வாலுக்கு,

நான் சுகமாக இருக்கிறேன். புது வீடு பழகிவிட்டதா? அப்பா தனியாக இருக்கிறார், வாரம் ஒரு தடவையாவது போய்ப் பார்த்துவிட்டு வா.

பஸ் வரத் தாமதமாயிற்று. சிமெண்ட் பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். லேசான தூறல். எதிரே இருந்த கடைகளின் விளக்கெல்லாம் ஈரத் தரையில் கலைந்து கலைந்து தெரிந்தது. மாப்பிள்ளையின் அண்ணன், அந்தப் பெரியவர், என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"தம்பி, கப்பல் கம்பெனிக்குச் சொல்லிட்டேன். இன்னும் ஒரே ஒரு தடவை போயிட்டு வர்றேன். இவனுக்குப் பொறக்கப்போற குழந்தைக்கு இதே மாதிரி ஒண்ணு எடுத்து வெச்சிடணும். நீங்களே நிலா வெச்சுக் கொடுக்கணும்."

மண்டபத்தில் நான் சொன்ன அந்த ஒரு வாக்கியத்தை எவ்வளவு சாமர்த்தியம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்! பஸ் வந்தது. ஏறியிருக்கலாம். ஏறியிருந்தால் அவர் அந்த முதுகோடு மறுபடியும் அந்த அடித்தட்டுக்குப் போயிருப்பார். பஸ்ஸை விட்டுவிட்டேன்.

எல்லாவற்றையும் சொன்னேன். நாலாவது மாடி, திரை, பெட்டிக்குள் இருக்கிற ஒரே ஒரு அசல். கையுறைக்காரர் யார் என்று எனக்குத் தெரியாது என்றும், நிலாவை வைத்தவன் நான் என்பது மட்டும் நிஜம் என்றும் சொன்னேன். அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருந்தால் தேவலை. அவர் தன் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டே இருந்தார். தூறல் பெரிதாகி நாங்கள் இருவரும் நனைந்தோம். எழுந்திருக்கத் தோன்றவில்லை. பஸ் ஸ்டாண்டே தண்ணீருக்கு அடியில் இறங்கிவிட்டது போல ஒரு சத்தமும் கேட்கவில்லை எனக்கு.

பிறகு ஒன்றே ஒன்று கேட்டார்.

"என் தம்பிக்குத் தெரியுமா?"

உன் மாப்பிள்ளை கண்ணாடிக் கடையில் சொன்னதெல்லாம் எனக்கு ஞாபகம் வந்தது. "தெரியாது" என்றேன்.

அவர் மூச்சு விட்டார். "தெரிய வேண்டாம் தம்பி. அவன் அதைக் கட்டிக்கிட்டு எவ்வளவு சந்தோஷமா இருக்கான்! அவன்கிட்ட மட்டும் சொல்லிடாதீங்க" என்று என் இரண்டு கையையும் பிடித்துக் கேட்டுக்கொண்டார். அடுத்த பஸ்ஸில் அவரே என் பையைத் தூக்கி உள்ளே வைத்தார். பஸ் நகர்ந்த பிறகும் மழையிலேயே நின்றுகொண்டிருந்தார்.

நான் அந்த வேலையை விட்டுவிட்டேன். போனை வாங்கிக்கொண்டு கீழே இறங்கிவிட்டேன். லாண்டரிக்காரர் பத்து நாள் தன் கடையில் இஸ்திரி போடச் சொல்லியிருக்கிறார். அதற்குப் பிறகு என்ன என்று தெரியவில்லை. அப்பாவிடம் நானே நேரில் வந்து சொல்கிறேன், நீ முந்திக்கொள்ளாதே.

உன் மாப்பிள்ளையிடமும் பஸ் ஸ்டாண்டில் நடந்ததைச் சொல்லாதே. தன் அண்ணனுக்குத் தெரியாது என்றே அவர் நினைத்துக்கொண்டிருக்கட்டும். இனி பெரியவர் கூடத்தில் உட்கார்ந்து, வெள்ளைக் கையுறை, வெல்வெட் தட்டு என்று அந்தத் துறைமுகத்துக் கதையை ஆரம்பிப்பார். முன்னைவிட அதிகமாகவே சொல்வார் என்று நினைக்கிறேன். தம்பி கையை நீட்டிக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். நீ இரண்டு பேருக்கும் நடுவில் உட்கார்ந்து, இப்போதுதான் முதல் தடவை கேட்பது போல, "அப்புறம் என்ன ஆச்சு?" என்று கேள்.

உடம்பைப் பார்த்துக்கொள். பெரியவருக்கு முதுகில் தேய்க்க ஏதாவது தைலம் வாங்கிக் கொடு, நான் சொன்னேன் என்று சொல்ல வேண்டாம்.

உன்
அண்ணன்